எல்லையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? அக்கரைச்சீமை போனவர்களின் ஊரிலிருந்து ஒரு விளக்கம்

திறந்த குடியேற்றம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதிச் சண்டை அது தெரியாமலேயே நடக்கிறது. ஒரு நாட்டுக்குள் வேலை செய்யவோ குடியிருக்கவோ யார் வேண்டுமானாலும் வரலாம்; குற்றம் செய்து தப்பி வருகிறவரா, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதைத் தாண்டி அரசு தடுக்காது; வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பும் கிடையாது. அவ்வளவுதான். எல்லைக்கோட்டையே அழித்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வந்து இறங்கிய மறுநாளே ஓட்டுரிமையும் ரேஷன் கார்டும் கொடுக்கச் சொல்வதும் இல்லை. தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் நடுவில் எல்லை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் காளஹஸ்திக்குப் போக யாரும் விசா எடுப்பதில்லையே, அந்த மாதிரி.

இன்றைக்கு எந்தப் பெரிய நாடும் உலகத்துக்கே இப்படிக் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. ஓரளவுக்கு அருகில் வருபவை உண்டு: ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தங்களுக்குள் திறந்து வைத்திருக்கின்றன, 1950 ஒப்பந்தப்படி இந்தியாவும் நேபாளமும் அப்படித்தான். மற்றபடி ஐ.நா. கணக்கில் 2024இல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்கிறவர்கள் சுமார் 30 கோடிப் பேர், அதாவது உலக மக்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை நம்பவே கஷ்டமாக இருக்கும். இங்கே தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்.

பாஸ்போர்ட், விசா எல்லாம் ஆதிகாலத்திலிருந்து இருப்பதுபோல நாம் பேசுகிறோம். அப்படி இல்லை. முதல் உலகப் போருக்கு முன்னால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே பயணம் செய்ய முடிந்தது. அமெரிக்கா 1882இல் சீனத் தொழிலாளர்களைத் தடுக்கச் சட்டம் போடும்வரை அங்கே பெரிய கட்டுப்பாடு இல்லை (முதலில் பூட்டியதே நிறம் பார்த்துத்தான் என்பதைக் கவனியுங்கள்). நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ரங்கூனுக்குக் கப்பல் ஏறியபோது விசா எடுக்கவில்லை, ஏனென்றால் 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கூலித் தொழிலாளிகள் தனுஷ்கோடி வழியாக இலங்கையின் தலைமன்னாருக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் போகலாம். இன்றைக்கு தத்துவப் பேராசிரியர்கள் கற்பனை செய்து விவாதிக்கிற உலகத்தை நம் தாத்தா தலைமுறை கிட்டத்தட்ட வாழ்ந்தே பார்த்துவிட்டது. அது எங்கே நன்றாகப் போனது, எங்கே கெட்டது என்று தெரிந்துகொள்ள பர்மாவைப் போல வேறு பாடம் கிடையாது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் பொருளாதாரம்.

ஆதரிப்பவர்களின் வாதம் மிக எளிமையானது. திருப்பத்தூரில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிற ஒருவர் சிங்கப்பூர் போகிறார். அதே ஆள், அதே கை, அதே படிப்பு. ஆனால் சம்பளம் பல மடங்கு. விமானத்தில் போன சில மணி நேரத்தில் அவர் திறமை கூடிவிடவில்லை. அங்கே இருக்கிற கருவி, சாலை, மின்சாரம், ஒழுங்காகக் காசு கொடுக்கிற வாடிக்கையாளர், வழக்கு போட்டால் தீர்ப்புச் சொல்கிற நீதிமன்றம், இதெல்லாம் சேர்ந்து அவருடைய ஒரு மணி நேர வேலைக்கு அதிக மதிப்பைக் கொடுக்கின்றன. அப்படியானால் உழைக்கிறவர்களைக் குறைந்த மதிப்புள்ள இடத்தில் பூட்டி வைப்பது அவருக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே நஷ்டம் என்கிறார்கள். மைக்கேல் கிளெமென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்: எல்லாத் தடைகளையும் எடுத்துவிட்டால் உலக உற்பத்தி 50 முதல் 150 சதவீதம் வரை கூடலாம் என்று அந்த ஆய்வுகள் மதிப்பிட்டிருந்தன. சரக்கு வணிகத்துக்கு இருக்கிற தடைகளை எல்லாம் நீக்கினால்கூட ஒரு சில சதவீதம்தான் கூடும்.

இந்த 150 சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஏழை நாடுகளில் பெரும்பாதி ஜனம் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடும் என்ற அனுமானத்தில்தான் அந்த எண் வருகிறது, அது நடக்காது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு கணக்கு இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம்: ஏழை நாட்டு மக்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக இடம் மாறினாலே, சரக்குக்கும் மூலதனத்துக்கும் இருக்கிற எல்லாத் தடைகளையும் நீக்குவதால் வரும் லாபத்தை அது தாண்டிவிடும்.

சரி, லாபம் வருகிறது. யாருக்கு? இங்கேதான் விவாதம் சூடாகிறது, இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை, கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றுகிற எந்த இடத்துக்காவது போய் நில்லுங்கள். அப்படி ஒரு வீட்டில் நான் பார்த்தது இது. சாரத்தின் மேலே பீகார்ப் பையன்கள், சிமெண்ட் மூட்டை மேல் ஒரு போன், அதில் போஜ்புரிப் பாட்டு. கீழே சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த நம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர். அவர் மேலே பார்த்து "சாந்து லாவ்" (கொண்டு வா) என்கிறார், பையன் "சரிண்ணே" என்கிறான். கொத்தனாரிடம் பேச்சுக் கொடுத்தால், "இவனுக வந்ததாலதான் தம்பி நான் ஒரே நேரத்துல ரெண்டு வீட்டு வேலை பாக்குறேன், முன்னாடி ஆள் கெடைக்காம பாதியில நிக்கும்" என்றார். அவரோடு வெகு நாளாக நிமிந்தாளாக (கொத்தனாருக்கு உதவியாளாக) இருந்த இன்னொருவர் பக்கத்திலேயே நின்றிருந்தார், அவருக்கு முகமே சரியில்லை. "கூலி ஏத்திக் கேட்டா, நாளைக்கு வர வேணாம்ங்கிறாங்கண்ணே, அவ்வளவுதான்" என்றார்.

பொருளாதாரப் புத்தகத்தில் பல பக்கம் எழுதுகிற விஷயம் இந்த இரண்டு பேர் பேச்சில் அடங்கிவிடுகிறது. வருகிறவரின் வேலை உங்கள் வேலைக்குத் துணையாக இருந்தால் உங்கள் வருமானம் கூடும். உங்கள் வேலைக்குப் பதிலாக இருந்தால் குறையும், அல்லது கூட வேண்டிய அளவு கூடாது. ஆகவே "வெளியூர்க்காரன் வந்து எல்லாருடைய பிழைப்பையும் கெடுத்துவிட்டான்" என்பதும் தப்பு, "ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை" என்பதும் தப்பு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேலை என்பது ஊரில் ஒரே அளவாகக் கிடக்கிற பண்டம் கிடையாது. வந்த பையன்களும் சாப்பிடுகிறார்கள், ரூம் எடுக்கிறார்கள், ரீசார்ஜ் செய்கிறார்கள். அந்தச் செலவு யாரோ ஒரு புரோட்டாக் கடைக்காரருக்கு வருமானம். ஆனால் அது அந்த நிமிந்தாளுக்கு வருமானம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இதை அளந்து பார்க்க முடியுமா என்று கேட்டால், பொருளாதார அறிஞர்கள் திரும்பத் திரும்பப் போகிற ஒரு இடம் அமெரிக்காவின் மயாமி. 1980இல் கியூபா தன் மரியல் துறைமுகத்தைத் திறந்துவிட, சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் படகேறி அமெரிக்கா வந்தார்கள், அதனால் மயாமியின் உழைப்பாளர் எண்ணிக்கை சுமார் 7 சதவீதம் கூடியது. டேவிட் கார்ட் 1990இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளூர்க்காரர்களின் கூலியிலோ வேலையின்மையிலோ சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்றார். பின்னால் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவை வேறு விதமாகப் பிரித்து, பள்ளிப் படிப்பை முடிக்காத உள்ளூர் ஆண்களின் கூலி மட்டும் பலமாக இறங்கியது என்றார். நீங்கள் பிரித்த குழு ரொம்பச் சின்னது, அந்த முடிவு நிற்காது என்று மற்றவர்கள் திருப்பி அடித்தார்கள். போர்ஹாஸ் சிறுவயதில் கியூபாவிலிருந்து வந்து குடியேறியவர் என்பது தனிச் சுவாரசியம். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது, சண்டை மட்டும் ஓயவில்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: சராசரி உள்ளூர்க்காரருக்குப் பெரிய சேதம் இல்லை என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது, அடிமட்டத்தில் இருக்கிறவருக்கும் அப்படித்தான் என்று சொல்ல அதே அளவு துணிச்சல் எனக்கு வரவில்லை.

இப்போது பர்மா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கீழ் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் நெல் விளைந்த நிலம் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது, பர்மா உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்கிற நாடாகிவிட்டது. காடு திருத்தியவர்கள் பர்மிய விவசாயிகள். மாடு, விதை, கூலி எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தது பெரும்பாலும் செட்டிநாட்டு வட்டிக் கடைகள், ஏனென்றால் ஆங்கிலேய பாங்குகள் சேற்றில் நிற்கிற விவசாயிக்குக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. ரங்கூன் மொகல் தெருவில் தலைமைக் கடை, உள்நாட்டில் ஊர் ஊராகக் கிளை, மூன்று வருடக் கணக்குக்குப் போகிற ஏஜெண்ட், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். ஆச்சிமார்கள் இங்கே வளவில், ஆண்கள் அங்கே. கணக்கு முடிந்ததும் திரும்பி வருவார்கள். ஆக, இது திறந்த எல்லையை ஆதரிப்பவர்கள் சொல்கிற கதையேதான்: ஆள் நகர்ந்தது, பணம் நகர்ந்தது, எல்லாருக்கும் லாபம். பர்மாத் தேக்கில் நிற்கிற நம் முகப்புத் தூண்கள் எல்லாம் அந்த லாபம்தான்.

அப்புறம் 1930 வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது, விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, அடமானத்தில் இருந்த நிலம் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. 1930இல் முக்கியமான 13 நெல் மாவட்டங்களின் நிலத்தில் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். நகரத்தார் நிலம் பிடிக்கத் திட்டம் போட்டுப் போகவில்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம், நிலம் அவர்களுக்குத் தலைவலி. இது உண்மை. ஆனால் தன் வயலில் தானே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய விவசாயிக்கு அந்த விளக்கம் என்ன ஆறுதல் தரும்? போதாததற்கு ரங்கூனில் 1931 கணக்கெடுப்புப்படி பாதிக்கு மேல் இந்தியர்கள், துறைமுகக் கூலி வேலையிலும் இந்தியர்கள். 1930இலும் 1938இலும் கலவரம் வெடித்தது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். சுதந்திரம் வாங்கியதும் 1948இல் பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. 1960களில் ராணுவத் தலைவர் நெ வின் ஆட்சி கடைகளையும் எடுத்துக்கொள்ள, மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோர் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பல் ஏறினார்கள்.

இந்தக் கதையை எங்கள் ஊரில் நன்றி கெட்ட பர்மாக்காரன் என்று ஒரு விதமாகவும், வெளியே சிலர் வட்டிக்காரச் செட்டி என்று இன்னொரு விதமாகவும் சொல்வார்கள். இரண்டிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. யார் வரலாம், நிலத்தை அடமானம் வைக்கலாமா, விலை விழுந்தால் கடன் என்ன ஆகும் என்பதையெல்லாம் தீர்மானித்தது பர்மிய மக்களும் இல்லை, நகரத்தாரும் இல்லை, வெள்ளைக்காரன். கதவு திறந்திருந்ததைவிட, வீட்டில் இருந்தவர்களைக் கேட்காமல் திறந்ததுதான் அங்கே வினையாக முடிந்தது. வந்தவர்களுக்கும் அங்கே நிலையான உரிமை கிடையாது, அரசு மாறியதும் எல்லாம் போயிற்று. திறந்த எல்லை வேண்டும், வேண்டாம் என்று கத்துகிற இரண்டு பக்கமும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையிலேயே நிற்கிறார்கள். யார் முடிவு செய்தார்கள், என்ன நிபந்தனையில் வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இதுதான் அறம் பற்றிய விவாதத்துக்குள்ளும் நம்மைக் கொண்டுபோகிறது. ஜோசப் காரென்ஸ் என்ற தத்துவ அறிஞர் 1987இல் எழுதிய வாதம் இப்படி: பணக்கார நாட்டில் பிறந்த குடியுரிமை என்பது பழைய காலத்து ஜமீன் உரிமை மாதிரி, பிறப்பால் வருகிறது, வாழ்க்கை முழுக்கச் சலுகை தருகிறது, உழைத்துச் சம்பாதித்ததில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று நாம் சாதியில் சொல்கிறோம் என்றால், பிறந்த நாடு விஷயத்தில் மட்டும் எப்படி ஒத்துக்கொள்வது? நமக்கு இந்த வாதம் அமெரிக்கர்களைவிட வேகமாகப் புரியும் என்று நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் மைக்கேல் வால்சர் 1983இல் சொன்னது: ஒரு சமூகம் தன்னோடு யார் சேரலாம் என்று முடிவெடுக்க முடியாவிட்டால் அது சமூகமாகவே இருக்காது, தனக்கென்று ஒரு வாழ்க்கை முறையைக் காப்பாற்ற முடியாது. இதையும் செட்டிநாட்டில் விளக்கத் தேவையில்லை. ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலுக்கு யார் புள்ளி (அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பம்) என்று இன்றுவரை கணக்கு வைத்திருக்கிற ஊர் இது.

மனித உரிமைப் பிரகடனத்திலேயே (1948) ஒரு வேடிக்கை இருக்கிறது. 13ஆம் பிரிவு எந்த நாட்டையும் விட்டு வெளியேற உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது, சொந்த நாட்டுக்குத் திரும்பவும் உரிமை உண்டு. இன்னொரு நாட்டுக்குள் நுழைய உரிமை உண்டா என்றால், அது பற்றிப் பேச்சே இல்லை. எங்கேயும் நுழைய முடியாவிட்டால் வெளியேறும் உரிமையை வைத்துக்கொண்டு கடலிலா மிதப்பது என்று ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்காகக் குறிப்பிட்ட ஒருவர் உங்களைக் கட்டிக்கொண்டே ஆக வேண்டும் என்று ஆகாது என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்களே, அதிலும் விஷயம் இருக்கிறது.

மற்ற ஆட்சேபங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், சந்தையை அவ்வளவு நம்பியவர், நலத்திட்டம் கொடுக்கிற அரசும் தடையில்லாத குடியேற்றமும் ஒன்றாக நடக்காது என்றார். வருகிறவருக்குச் சில வருடம் நலத்திட்டம் கிடையாது என்று வைத்தால் போயிற்று என்பது அதற்குப் பதில். படித்த டாக்டரும் நர்ஸும் போய்விட்டால் ஏழை நாடு என்ன ஆகும் என்பது இன்னொன்று. போகிறவர்கள் அனுப்புகிற பணத்தையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், இந்தியாவுக்கு 2024இல் மட்டும் சுமார் 129 பில்லியன் டாலர் வந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது. திறந்துவிட்டால் மொத்த உலகமும் வந்து இறங்கிவிடும் என்கிற பயம் மூன்றாவது. அதற்கு என்னுடைய பதில் பீகார். அங்கே தலா வருமானம் தமிழ்நாட்டுடையதில் கால்வாசிகூட இல்லை, ஜனத்தொகை 13 கோடியைத் தொடுகிறது, அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு அவர்கள் எங்கேயும் போய் வாழலாம் என்கிறது, ரயிலும் ஓடுகிறது. இருந்தும் பீகாரின் பெரும்பகுதி பீகாரில்தான் இருக்கிறது. அம்மா, நிலம், மொழி, பயம், எல்லாம் ஆளைப் பிடித்து வைக்கின்றன. ஆனால் வந்த கொஞ்சப் பேரை வைத்தே 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு குழு அனுப்பிப் பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு ஆனது. எண்ணிக்கை கொஞ்சமாக இருந்தாலும் பதற்றம் கொஞ்சமாக இருக்காது.

நடுவழி ஏதாவது உண்டா? உண்டு, ஆனால் அதற்கும் விலை இருக்கிறது. வளைகுடா நாடுகள் உள்ளே விடுகிற எண்ணிக்கையைப் பார்த்தால் ஐரோப்பா வெட்கப்பட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வெளிநாட்டுக்காரர்கள். உரிமை என்று பார்த்தால் தலைகீழ். விசா பெரும்பாலும் முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும், எத்தனை வருடம் உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது அபூர்வம். நிறையப் பேரைக் குறைந்த உரிமையோடு விடுவதா, கொஞ்சப் பேரை முழு உரிமையோடு விடுவதா? அறம் பேசுகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். கல்லல் பக்கம் ஒரு வீட்டில் போய் இதைக் கேட்டால், "முதல்ல போக விடுங்க, உரிமையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் பதில் வரும். அவர்கள் சொல்வதை ஏமாளித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் பர்மாவில் அந்த "அப்புறம்" வரவே இல்லை என்பதும் ஞாபகத்துக்கு வருகிறது.

இன்னொரு யோசனை, கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் கேரி பெக்கர், குடியேறும் உரிமையை 50,000 டாலர் மாதிரி ஒரு விலைக்கு வெளிப்படையாக விற்றுவிடுங்கள் என்றார். அந்தப் பணத்தை வைத்து, கூலி குறைகிற உள்ளூர்க்காரருக்கு ஏதாவது செய்யலாம் என்று இந்த வழியில் யோசிக்கிறவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். கானாடுகாத்தான் நிமிந்தாளுக்குப் பதில் என்று ஒன்று இருந்தால் இப்படித்தான் ஏதாவது இருக்க வேண்டும். சிங்கப்பூர் இதில் ஒரு பாதியை ஏற்கெனவே செய்கிறது, வெளிநாட்டு ஒர்க் பெர்மிட் ஆள் ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதாமாதம் அரசுக்கு லெவி (ஒரு வகைக் கட்டணம்) கட்ட வேண்டும். குடியேற விலையா என்று முகம் சுளிப்பதற்கு முன்னால் நம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விலை இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. நகையை அடகு வைத்து, மூன்று வட்டிக்கு வாங்கி, லட்சக்கணக்கில் ஏஜெண்ட் கமிஷன் கட்டித்தான் பையன்கள் விமானம் ஏறுகிறார்கள், பலருக்கு முதல் வருடச் சம்பளம் அந்தக் கடனுக்கே போய்விடுகிறது. அதில் ஒரு ரூபாய்கூட அங்கே கூலி குறைந்தவரின் கைக்குப் போய்ச் சேர்வதில்லை.